அரண்மனைக்கு இரண்டு சீட்டு

மருமகள் முட்டையை உரித்துக் கொடுத்த காலையில்தான் ஃபெங்யுனுக்கு முதல் சந்தேகம் வந்தது.

சோளக்கஞ்சியில் அன்றைக்குச் சிவப்புப் பேரீச்சம்பழம் மிதந்தது. விருந்தாளி வந்தால் மட்டும் டப்பாவிலிருந்து வெளியே வரும் பழம் அது. கிண்ணத்துக்குப் பக்கத்தில் உரித்த முட்டை, வெள்ளை வெளேரென்று, ஒரு ஓட்டுத் துணுக்குகூட ஒட்டாமல். கொண்டுவந்து வைத்த ஷுச்சின் நகரவில்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி நின்றாள்.

"அம்மா, உங்க அடையாள அட்டையைக் கொஞ்சம் குடுங்க."

ஃபெங்யுன் கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"பீஜிங் போறோம். பழைய அரண்மனையைப் பாக்க. அடுத்த செவ்வாய்க்கிழமை. போன்ல முன்னாடியே பதியணும். அட்டை நம்பர் இல்லாம யாரையும் உள்ள விட மாட்டாங்க."

"போறோம்னா யாரு?"

"நாமதான்."

"இருபத்தோரு வருஷமா இந்த வீட்டுல இருக்கே. தெருமுனைப் பொதுக் குளியல்கூடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கியா? திடீர்னு பேரரசர் கூப்பிட்டு விட்டாரா?"

வழக்கமாக இதற்குச் சுடச்சுடப் பதில் வரும். இருபத்தோரு வருஷமும் ஒன்றுக்கு ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தவள் ஷுச்சின். ஒருமுறை நூடுல்ஸில் உப்பு அதிகம் என்று சொன்னதற்கு, "உங்க நாக்குல இருக்கற உப்பு கிண்ணத்துல விழுந்திருக்கும்" என்றவள். அவள் இன்று, "சாப்பிடுங்கம்மா, ஆறிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஃபெங்யுன் அட்டையைக் கொடுக்கவில்லை. அது அவளுடைய பஞ்சுச் சட்டையின் உள்பையில், ஊக்கு குத்தி, பத்திரமாக இருந்தது. முட்டையை மட்டும் தின்றாள். தின்றதும் தொண்டையில் நின்றது.

முட்டை உரிப்பதற்கு என்ன அர்த்தம் என்று அந்தச் சிறு நகரத்தில் ஃபெங்யுனைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. பாவோடிங் போகும் சாலையில் இருக்கிற அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் இருபத்து மூன்று வருஷம் நோயாளிகளுக்குத் துணையிருக்கும் வேலை பார்த்தவள் அவள். புரட்டிப் படுக்க வைப்பாள், துடைப்பாள், ஊட்டுவாள், மூத்திரப் பையைக் காலி செய்வாள். படிப்பு ஒரு எழுத்தும் இல்லை. ஆனால் வராந்தாவில் டாக்டர் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுப் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்தே, எத்தனை வாரம் என்று சொல்லிவிடுவாள். உள்ளே கிடக்கிற கிழவருக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். "வயித்துப் புண்ணுதான்பா, மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்" என்பார்கள். பெற்றவர்களுக்குச் சாவைச் சொல்வது பிள்ளைகளுக்கு அழகில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். முறைத்துக்கொண்டிருந்த மருமகள்கள் திடீரென்று மெல்லப் பேசுவார்கள். ஆரஞ்சின் நாரை எடுப்பார்கள். முட்டையை உரிப்பார்கள். அதைப் பார்த்ததும் ஃபெங்யுன் யாருக்கும் தெரியாமல் அலமாரியில் மாற்றுத்துணி இருக்கிறதா என்று பார்த்து வைப்பாள்.

அதற்கப்புறம் வரும் கேள்வியும் அவளுக்குத் தெரியும். எங்கேயாவது போய்ப் பார்த்துவிட்டு வரலாமாம்மா?

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் தெருமுனைச் சுகாதார நிலையத்தில் வயதானவர்களுக்கான வருஷாந்திரப் பரிசோதனை நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிப் படம் பார்த்தார்கள். முடிவை வாங்கி வந்தவள் ஷுச்சின். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் நல்லா இருக்காம்" என்றாள். நல்ல சேதி சொல்கிறவள் அடுப்பையா பார்ப்பாள்?

முற்பகலில் பக்கத்து வீட்டு மியாவ் முட்டைக்கோசு அடுக்க வந்தாள். குளிர்காலத்துக்கு வாங்கிய நாற்பது கோசும் முற்றத்தில் கிடந்தன. இரண்டு பேரும் வாடிய இலைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே பேசினார்கள்.

"அட்டையக் கேக்கறாளா? குடுத்துராதீங்கக்கா. தெருவை இடிச்சுக் கட்டப்போறாங்கன்னு பேச்சு இருக்கு. கைநாட்டு வாங்கி வீட்ட எழுதிக்குவாங்க."

"வீடு ஏற்கனவே என் மகன் தாஷுன் பேர்லதான் இருக்கு. எங்கிட்ட எழுதி வாங்க என்ன இருக்கு? இந்தக் கோசுதான்."

"அப்ப எதுக்கு அரண்மனை?"

"நீயே சொல்லு. அந்தக் கோடி வீட்டுத் தாங் கிழவரைப் போன வருஷம் பீஜிங் கூட்டிட்டுப் போனாங்களே, கொடியேத்தறதப் பாக்க."

மியாவ் கையிலிருந்த கோசை மெதுவாகக் கீழே வைத்தாள். "அவரு திரும்பி வந்து நாப்பது நாள்ல..."

"முப்பத்தெட்டு."

"ச்சே, ச்சே. உங்களுக்கென்னக்கா? கன்னம் பாருங்க, பன் மாதிரி இருக்கு."

"தாங் கிழவருக்கும் கன்னம் இருந்துச்சு. பொய் சொல்லாம பாரு, என் கண்ணு மஞ்சளா இருக்கா?"

மியாவ் குனிந்து பார்த்தாள். "கண்ணு இல்ல, பல்லுதான் மஞ்சள்."

அன்று மதியம் ஃபெங்யுன் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தாள். வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தாள். பிறகு சாலைக்குப் போய்க் கழுதைக்கறி ரொட்டி இரண்டு வாங்கி, நின்றபடியே தின்றாள். பசி நன்றாகத்தான் இருந்தது. சாகப்போகிறவளுக்கு இவ்வளவு பசிக்குமா? ஆனால் பதினேழாம் வார்டில் ஒரு ஆள் கடைசி நாள் சாயங்காலம் ஆட்டுச் சூப் முழுக்கிண்ணம் குடித்தது ஞாபகம் வந்தது. மூன்றாவது ரொட்டி கேட்க வாயெடுத்தவள் கேட்காமல் திரும்பினாள்.

சாவுக்கு அவள் பயப்படவில்லை என்று சொல்ல முடியாது. பயந்தாள். ஆனால் அதைவிட ஒரு விஷயம் அவளை அரித்தது. தன்னைப் படுக்கப் போட்டு, தலைக்கு மேலே மற்றவர்கள் கண்ஜாடை காட்டிக்கொள்வார்கள். தான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஆரஞ்சு சுளை வாங்கித் தின்ன வேண்டும். அது மட்டும் நடக்கக் கூடாது. என்ன வியாதி, எத்தனை நாள், அதைத் தன் காதால் கேட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தாள். கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஆகவே கேட்கவில்லை. கவனித்தாள்.

மறுநாள், செவ்வாய் சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் பயணத் திட்டம் பேசப்பட்டது. எட்டு மணிக்குச் சீட்டுப் பதிவு திறக்கும், ஒரு வாரம் முன்னால் அந்த நிமிஷத்தில் பதிய வேண்டும் என்று ஷுச்சின் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக் காத்திருந்தாள். தாஷுன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். வீடுகளுக்குத் தரைக்கல் பதிக்கிறவன். நகக்கண்ணில் எப்போதும் சிமெண்டு இருக்கும். நாற்பத்தேழு வயதாகியும் கிண்ணத்தில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து சாப்பிடுவான். அன்றைக்குப் பாதியிலேயே நிமிர்ந்துவிட்டான்.

"காலையில கார்ல போறோம்," என்றாள் ஷுச்சின். "எட்டரைக்குத் தெக்கு வாசல்ல உள்ள போறோம். நடுவழியிலயே நேரா நடந்து, வடக்கு வாசல்ல வெளிய வந்துடறோம். ரெண்டு மணி நேரந்தான்."

"அறுநூறு வருஷத்து அரண்மனைய ரெண்டு மணி நேரத்துலயா? பேரரசருக்குச் சட்டைப் பொத்தான் போடவே அவ்வளவு நேரம் ஆயிருக்கும்."

"உங்க கால் வலிக்கும்மா."

"என் கால் என்னைக்கு உன்கிட்ட வந்து அழுதுச்சு? பேரரசிங்க இருந்த பக்கம் பாக்க வேணாமா? கடியாரமெல்லாம் வச்சிருக்காங்களாமே."

"இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

இன்னொரு தடவையாம். ஃபெங்யுன் அந்தச் சொல்லை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

"நீ?" என்று மகனைப் பார்த்தாள்.

"நான் வண்டிய நிறுத்த எடம் தேடிட்டு வெளியவே இருக்கேம்மா. கூட்டத்துல எனக்கு மூச்சு முட்டும்."

"ரெண்டு மணி நேரமா எடம் தேடுவே?"

"பீஜிங்குல தேடணும்."

புரிந்துவிட்டது. அதுவும் அவள் பார்க்காததா? உள்ளூர் டாக்டர் கைவிரித்தால் படத்தையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் பீஜிங் பெரிய டாக்டரிடம் போவார்கள். நோயாளியைக் கூட்டிப் போக மாட்டார்கள். போனால் பலகையில் என்ன வார்டு என்று எழுதியிருப்பதை நோயாளி படித்துவிடுவானே. இவளை அரண்மனைக்குள் விட்டுவிட்டு, இவளுடைய ரிப்போர்ட்டோடு தாஷுன் அங்கே போகப்போகிறான். அதுதான் அந்த இரண்டு மணி நேரம்.

"நான் என் மடக்கு முக்காலியக் கொண்டு வருவேன்," என்றாள்.

"அரண்மனைக்குள்ள முக்காலி எதுக்கும்மா? பெஞ்சு இருக்கு."

"இருக்கட்டும்."

எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஃபெங்யுன் ஊக்கைக் கழற்றி அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். கையை எடுக்காமல், அதன் மேல் ஒரு விரலை வைத்தபடியே காட்டினாள். ஷுச்சின் எண்ணைத் தட்டினாள். சரியாக எட்டுக்கு அவள் விரல் சமையல்கத்தி மாதிரி ஓடியது. திரையில் பச்சையாக ஏதோ வந்தது.

"கெடச்சிடுச்சு! ரெண்டு சீட்டு."

தாஷுன் எழுந்து வெளியே போனான். முற்றத்தில் இரண்டு முறை இருமினான். கோசு அடுக்கைப் பார்க்கப் போகிறவன் மாதிரி போனான். கோசை அவன் என்றைக்குப் பார்த்தான்?

புதன்கிழமை காலை இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். ஷுச்சின் பள்ளிக்கூடச் சமையலறைக்கு, தாஷுன் புதுக் கட்டடத்துக்கு. கதவு சாத்தின சத்தம் கேட்டதும் ஃபெங்யுன் அவர்களுடைய அறைக்குள் நுழைந்தாள். வெட்கமெல்லாம் படவில்லை. தன் சாவைத் தேடுகிறவளுக்கு என்ன வெட்கம்?

பெட்டியில் இல்லை. மெத்தைக்கு அடியில் இல்லை. துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கை விட்டபோது விரலில் வழவழப்பாகப் பட்டது. இழுத்தாள். பெரிய பை. மாவட்ட ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படப் பை. இதே பையை ஆயிரம் முறை தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறாள்.

கட்டிலில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது. அவளை யாரும் அந்தக் குழாய்க்குள் படுக்க வைக்கவில்லை. ரத்தமும் வயிற்றுப் பசையும்தான். ஸ்கேன் எடுக்கவில்லை.

பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பெயரைப் படிக்கத் தெரியாது. எண் தெரியும். நாற்பத்தேழு. அதற்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை எழுத்தும் தெரியும். இருபத்து மூன்று வருஷம் அவள் கழுவிய கழிப்பறைக் கதவுகளில் ஒன்றின் மேல் இருந்த எழுத்து. ஆண்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், முதலில் வந்தது நிம்மதி. நான் இல்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அந்த நிம்மதி இருந்தது. அடுத்த மூச்சில் அவள் தன் கன்னத்தில் தானே ஓங்கி ஒரு அறை விட்டாள்.

படத்தை உருவி ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். படம் பார்க்கத் தெரியாது. ஆனால் டாக்டர்கள் எங்கே விரலை வைப்பார்கள் என்று தெரியும். வலது பக்க நுரையீரலில், ஒரு சோயா பருப்பு அளவுக்கு வெள்ளையாக ஒன்று. அதைச் சுற்றி யாரோ சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள்.

எல்லா அடையாளத்தையும் சரியாகத்தான் படித்திருந்தாள். ஆளைத்தான் தப்பாகப் படித்துவிட்டாள். ஷுச்சின் அடுப்பைப் பார்த்துப் பேசியதும், எதிர்த்துப் பேசாமல் இருந்ததும் மாமியாருக்காக இல்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்திருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் காரணமில்லாமல் பீஜிங் போனால் இந்தக் கிழவி மோப்பம் பிடிப்பாள். ஆகவே கிழவியையே சாக்காகக் கூட்டிப் போகிறார்கள். தாஷுன் தனியாக டாக்டர் முன்னால் உட்காருவான். ஷுச்சின் புருஷன் பக்கத்தில் இருக்க முடியாமல், மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு பேரரசரின் நாற்காலியைப் பார்ப்பாள்.

படத்தைப் பையில் போட்டாள். பையைக் கட்டிலின் மேலேயே விட்டாள். மறைத்து வைக்கவில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவளும் இதைத்தான் செய்தாள். புருஷன் பாவ்ஷானுக்கு வயிற்றில் கட்டி. புண் என்று சொன்னாள். பெருஞ்சுவரைப் பார்க்க வேண்டும் என்று அவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து பஸ்ஸில் கூட்டிப்போனாள். இரண்டாவது காவல்கோபுரம் வரைக்கும் ஏறினார். அங்கே கல்லில் உட்கார்ந்து, மலையைப் பார்த்துக்கொண்டே, "புண்ணுதானே?" என்று கேட்டார். "புண்ணுதான்" என்றாள். "சரி" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் ஒழுகின குழாயைச் சரி பண்ணினார். கதவுக்கு எண்ணெய் போட்டார். அவளுடைய மடக்கு முக்காலிக்குப் புதுப் பட்டை பின்னினார், அவள் கேட்காமலேயே. செத்ததற்கப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது, அந்தச் சரி என்ன சரி என்று. இரண்டு பேரும் கடைசி நாலு மாதமும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லியே பேசித் தீர்த்தார்கள். உண்மையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஃபெங்யுன் சால்வையைச் சுற்றிக்கொண்டு புதுக் கட்டடத்துக்கு நடந்தாள். மின்தூக்கி இன்னும் போடவில்லை. நாலு மாடி ஏறினாள். தாஷுன் முழங்காலில் நின்று ரப்பர் சுத்தியலால் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா? எப்படி ஏறி வந்தே?"

"காலாலதான். உன் அட்டையக் குடு."

"எதுக்கு?"

"அரண்மனைக்கு. மூணாவது சீட்டுப் போடணும்."

"நாந்தான் வரலன்னு சொன்னேனே. வண்டி நிறுத்த..."

"ஆஸ்பத்திரியில பதியவும் அந்த அட்டைதான் வேணும். அதனால பையிலயே வச்சிருப்பே. எடு."

சுத்தியல் நின்றது. தாஷுன் கல்லைப் பார்த்தான். அது கோணலாக இருந்தது. அவன் பதித்த கல் கோணலாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"ஷுச்சின் சொன்னாளா?"

"அவளா? அவ வாயத் தச்சு வச்சிருக்கா. படம் சொல்லுச்சு."

"இன்னும் ஒண்ணும் முடிவாகலம்மா. சின்னதுதான். இங்க இருக்கற டாக்டருக்குச் சரியாத் தெரியல, அங்க போய்க் காட்டச் சொன்னாரு. ஒண்ணுமில்லாமக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம். இருந்தாலும் இருக்கலாம். எங்கிட்ட ஏன்டா மறைச்சே?"

"நீ தாங்க மாட்டே."

"நானா? ஐநூறு பொணத்துக்குக் கால்மேஜோடு போட்டு விட்டவ நான்டா! நான் தாங்க மாட்டேனா?" சத்தம் அந்த வெற்று அறையில் திரும்பி வந்து அவள் மேலேயே மோதியது. குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பாகிட்ட நான் பொய் சொன்னேன். அவரு சரின்னு சொன்னாரு. பதினோரு வருஷமா அந்தச் சரி என் தொண்டையில நிக்குது. நீயும் எனக்கு அதையே குடுக்கப் பாக்கறியா? நான் சரின்னு சொல்ல மாட்டேன். எனக்கு நெசத்தச் சொல்லு. அது எவ்வளவு கேவலமா இருந்தாலும் சொல்லு."

தாஷுன் சிமெண்டுக் கையை முழங்காலில் தேய்த்தான். "ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குதும்மா. பயமா இருக்கு," என்றான்.

"ஆமா. இருக்கும்," என்றாள் ஃபெங்யுன். பக்கத்தில் இருந்த சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "அந்தக் கல்ல எடுத்துட்டுத் திரும்பப் போடு. கோணலா இருக்கு."

அவன் கல்லை எடுத்தான். திரும்பப் பதித்து முடிக்கும் வரைக்கும் அவள் அங்கேயே இருந்தாள். போகும்போது அவனுடைய அட்டை அவளுடைய உள்பையில், அவளுடையதோடு சேர்ந்து ஊக்கில் குத்தியிருந்தது.

சாயங்காலம் ஷுச்சின் வந்து கட்டில் மேல் கிடந்த பையைப் பார்த்தாள். வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, பிறகு சிவந்தது.

"அலமாரிக்குப் பின்னாடி உங்களுக்கு என்ன வேலை? இந்த ஊரு சந்தேகம் பூராவும் உங்க ஒரு மண்டைக்குள்ளதான் இருக்கா? திருடனுக்குக்கூட ஒரு அறையில ரெண்டு எடம் பாத்தா அலுத்துப் போகும்! மூணு வாரமா நான் மூச்சுவிடாம, கஞ்சியில பேரீச்சம்பழம் போட்டு..."

"ஆ," என்றாள் ஃபெங்யுன். உடம்பெல்லாம் இளகியது. "இப்பத்தான் நீ. இனிமே எனக்கு முட்டை உரிச்சுக் குடுக்காதே. முந்தாநாள் அத முழுங்கறதுக்குள்ள உசுரு போயிடுச்சு."

ஷுச்சின் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அழுதாள். ஃபெங்யுன் அவளைத் தொடவில்லை. அவர்களுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது. வெந்நீர்க் குடுவையைத் திறந்து ஒரு கோப்பை ஊற்றி அவள் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"டாக்டர் எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காரு?"

"ஒன்பது மணி."

"காலைச் சீட்ட ரத்து பண்ணு. ஒன்பது மணிக்கு மூணு பேரும் டாக்டர்கிட்ட இருப்போம். மத்தியானத்துக்கு மூணு சீட்டுப் போடு. கெடைக்குமா பாரு."

ஷுச்சின் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் தட்டினாள். "மத்தியானத்துக்கு இருக்கு." பிறகு தலையை உயர்த்தாமலேயே, "டாக்டர் கெட்டதா ஏதாவது சொன்னா? அப்புறமும் அரண்மனைக்கா?" என்று கேட்டாள்.

"அப்புறமும்தான். சொல்லலன்னாலும்தான். ஆனா வடக்கு வாசலுக்கு ஓட மாட்டோம். கடியாரமெல்லாம் பாப்போம். அவனும் கூட வருவான். கூட்டத்துல மூச்சு முட்டுனா உக்காருவான்." இரண்டு அட்டைகளையும் எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை அட்டை மேல் விரல் வைக்கவில்லை.

பதிவு முடிந்ததும் ஷுச்சின் எழுந்து கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த முக்காலியை எடுத்துத் தூசி தட்டினாள். பட்டையை இழுத்துப் பார்த்தாள். அது உறுதியாக இருந்தது.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல பெஞ்சு கெடைக்காது, இல்லம்மா?"

"ஒன்பது மணிக்கா? கெடைக்கவே கெடைக்காது. மியாவ்கிட்ட இன்னொண்ணு இருக்கு, வாங்கிட்டு வா. எதுக்குன்னு கேட்டா அரண்மனைக்குன்னு சொல்லு."

ஷுச்சின் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலைத் தாண்டும் முன்பு ஃபெங்யுன் மறுபடியும் கூப்பிட்டாள்.

"இந்தா, நில்லு. என் முகத்தப் பாத்துச் சொல்லு. என் ரிப்போர்ட்ல நெசமாவே ஒண்ணும் இல்லையா?"

ஷுச்சின் திரும்பி, வீங்கின கண்ணோடு அவளை நேராகப் பார்த்தாள். "ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தியாம். கழுதைக்கறி ரொட்டிய நிறுத்தச் சொன்னாங்க."

"அதத்தான் நம்ப மாட்டேன்," என்றாள் ஃபெங்யுன்.